இலுப்பைமோட்டைக்கு ஈஸ்ட் ஹாம் வழியாக

லண்டனுக்கு மாட்டைப் பற்றிப் படிக்கப் போனேன். முதல் வாரம் முழுக்க ஒரு மாட்டையும் கண்ணால் பார்க்கவில்லை. வகுப்பறையை இருட்டாக்கி, மாட்டு மூளையை மெல்லிசாகச் சீவிப் பெரிதுபடுத்தித் திரையில் காட்டினார்கள். மதியம் இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே வெள்ளரிக்காயை வைத்துச் சாப்பாடு என்றார்கள். அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மாட்டுக்குப் பைத்தியம் பிடிக்கும் நோயைப் பற்றித்தான் பத்திரிகை, தொலைக்காட்சி எல்லாவற்றிலும் பேச்சு. காங்கயம் பக்கத்துக் கால்நடை மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டிருந்த என்னை அரசாங்கம் எதற்குப் பொறுக்கி எடுத்து அனுப்பியது என்று எனக்குத் தெரியாது. அனுப்பியவர்களுக்கும் தெரிந்திருக்காது.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊரில் என்னைப் ‘பார்க்காத மாட்டுக்குக் கையெழுத்துப் போடாத டாக்டர்’ என்பார்கள். பாராட்டு இல்லை, வசவுதான். காப்பீட்டுக்கு, சந்தைக்கு என்று சான்று கேட்டு வருவார்கள். மாட்டை ஓட்டி வா என்பேன். மாடு தூரத்தில் கொரங்காட்டில் மேய்கிறது என்பார்கள். சைக்கிளை எடுத்துக்கொண்டு நானே கிளம்பிவிடுவேன்.

தங்கியது ஈஸ்ட் ஹாமில், தவராசா வீட்டில். எண்பதுகளின் தொடக்கத்தில் சென்னையில் கால்நடை மருத்துவம் படித்தபோது ஒரே அறையில் இருந்தோம். அவன் ஊர் இலங்கையில் வன்னி. யாழ்ப்பாணத்துக்குத் தெற்கே காடும் குளமுமாகக் கிடக்கிற சீமை. படித்து முடித்துப் போய்க் கொஞ்ச காலம் ஊர் மாடுகளுக்கு வைத்தியம் பார்த்தான். பிறகு யுத்தம் அவனை லண்டனுக்குத் துரத்தியது. இங்கே அவனுடைய பட்டம் செல்லாது. பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை.

“வா பழனி மச்சான். உங்கட மாடுகள் இன்னும் ஜெயிலுக்குள்ளதானே நிக்குதுகள்?” என்றுதான் வாசலில் வரவேற்றான்.

அது எங்களுடைய பழைய சண்டை. எங்கள் பக்கம் கிளுவை வேலி போட்டு, அதற்குள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளர்த்து மாட்டை விடுவோம். அதுதான் கொரங்காடு. அவன் பக்கம் வேலியே கிடையாது. மாட்டுக்குக் குறி சுட்டுக் காட்டில் விட்டுவிடுவார்கள். அந்தக் கூட்டத்துக்குப் பட்டி என்று பெயர். வேலி இல்லாமல் மாடு வளர்க்கிறதும் ஒரு வளர்ப்பா என்று நான் கேட்பேன். விடுதியில் பாதிச் சாப்பாடு இந்தச் சண்டையிலேயே ஆறிப்போகும்.

அவன் மனைவி புவனா புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்திருந்தாள். முதல் கவளத்திலேயே வெள்ளரிக்காய் ரொட்டியை மன்னித்துவிட்டேன்.

இரண்டொரு நாளில், அவன் ஷிப்டுக்குப் போயிருந்த நேரம், புவனா தேநீரை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“அண்ணா, இவர் ஒழுங்கா நித்திரை கொள்ளுறேல்லை. குலம் அண்ணையின்ர தகவல் ஒண்டும் இல்லை. வருசப் பிறப்புக்குப் பிறகு ஒரு சொல்லும் இல்லை.”

குலம் என்பது தவராசாவின் அண்ணன் குலசிங்கம். கல்யாணம் செய்துகொள்ளாதவர். தம்பியைச் சென்னைக்கு அனுப்பிப் படிக்க வைத்துவிட்டு, பட்டியோடு காட்டிலேயே இருந்துவிட்டார். ஷெல் விழத் தொடங்கியதும் ஊரே கிளம்பிவிட்டதாம். யார் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை.

“உயிரோட இருக்கிறார் எண்டாவது தெரிஞ்சால் போதும். இவர் தொலைபேசிக்குப் பக்கத்திலயே சாப்பிடுறார், பாருங்கோ.”

அன்றிலிருந்து எனக்கும் அந்தத் தொலைபேசியைப் பார்க்காமல் சாப்பிட முடியவில்லை.

சனிக்கிழமை தவராசா என்னை நகரத்துக்குள் கூட்டிப் போனான். அரண்மனை காட்டப் போகிறான் என்று இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டேன். போனது ஒரு சந்துக்குள் இருந்த பழைய வரைபடக் கடைக்கு. பேருந்தில் போகும்போது அந்தக் கடைக் கண்ணாடியில் ஒரு நாள் இலங்கைத் தீவைக் கண்டானாம். உள்ளே தரையிலிருந்து கூரை வரை தட்டையான இழுப்பறைகள். கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முழங்காலிட்டு, வெகுநேரம் தேடி, நாலைந்து தாள்களை மேசையில் விரித்தார். ஒரு மைல் நிலத்தை ஓர் அங்குலத்தில் அடக்கிய தாள்கள். பிரிட்டிஷ்காரர்கள் ஆண்டபோது அளந்தவை. காடு பச்சை, குளம் நீலம், வண்டிப்பாதை இரட்டைக் கோடு, ஒற்றையடிப்பாதை புள்ளிக் கோடு. உடைந்துபோய்க் கைவிட்ட குளங்களுக்கு மட்டும் உள்ளே நீலம் நிரப்பவில்லை, வெறும் விளிம்புதான்.

“எந்தப் பருவத்தில் போகிறீர்கள்?” என்று கடைக்காரர் கேட்டார். வரைபடம் வாங்குகிறவர்கள் பயணம் போகிறவர்கள்தான் என்பது அவர் கணக்கு.

“வெயில் காலத்தில்,” என்றான் தவராசா, சிரிக்காமல்.

“அப்படியானால் தண்ணீர் உள்ள இடங்களை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்,” என்று சொல்லித் தாள்களைச் சுருட்டிக் குழலுக்குள் போட்டுக் கொடுத்தார்.

திரும்பும்போது டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் இருவரும் தூங்கிவிட்டோம். அவனுக்கு ஷிப்ட் தூக்கம், எனக்கு வெள்ளரிக்காய்த் தூக்கம். ஈஸ்ட் ஹாம் என்ற குரல் கேட்டு அடித்துப் பிடித்து இறங்கி, மீன் கடையில் பாரை மீனைப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோதுதான் குழல் கையில் இல்லை என்று தெரிந்தது. தவராசா மீனை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். அவன் ஓடுவதை அன்றுதான் பார்த்தேன். கல்லூரியில் பேருந்தைப் பிடிக்கக்கூட ஓட மாட்டான்.

அடுத்த ரயிலில் ஏறி, கடைசி நிலையமான அப்மின்ஸ்டர் வரை போனோம். ஜன்னலுக்கு வெளியே வீடுகள் குறைந்து பச்சை தெரியத் தொடங்கியது. அங்கே நிலைய அறையில் ஒரு கரீபியப் பெண்மணி எங்கள் வரைபடத்தை விரித்து, நான்கு மூலையிலும் தேநீர்க் கோப்பை, தொப்பி, டார்ச் என்று பாரம் வைத்து ரசித்துக்கொண்டிருந்தார்.

“உங்களுடையதா? இதில் எங்கே உங்கள் வீடு?”

தவராசா குனிந்து, பச்சைக்கு நடுவே ஓர் இடத்தில் விரலை வைத்தான்.

“ரோடே இல்லையே!” என்றார் அவர்.

“மாடு போகும் பாதை இருக்கிறது,” என்றான் அவன். அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்து, எங்களுக்கும் தேநீர் போட்டுக் கொடுத்தார்.

அதற்குப் பிறகுதான் என்னுடைய உண்மையான பயணம் தொடங்கியது. லண்டன் கோடையில் சூரியனுக்கு வீட்டுக்குப் போகும் எண்ணமே இருப்பதில்லை. சாப்பிட்ட பிறகும் வெகுநேரம் ஜன்னலில் தேன் நிறத்தில் வெளிச்சம் நிற்கும். அந்த வெளிச்சத்தில் தாள்களைக் கம்பளத்தின் மேல் ஒன்றோடொன்று ஒட்டவைத்து விரிப்போம். சோபாவை நகர்த்திவிட்டு இருவரும் குப்புறப் படுத்துக்கொள்வோம். புவனா எங்களைத் தாண்டித்தான் குசினி என்கிற சமையலறைக்குப் போக வேண்டும். “வன்னிக்குள்ளால போறன், வழி விடுங்கோ,” என்பாள்.

முதல் மாலை, தாளில் அவர்களுடைய வன்னி வீட்டிலிருந்து கிளம்பினோம். பட்டி அடைக்கிற இடத்தில் முள்மரம் வெட்டிப் போட்ட சுற்றடைப்பு. அதில் ஆள் நுழையும் இடைவெளிக்குக் கடப்பு என்று பெயர். கடப்பைத் தாண்டினால் புள்ளிக் கோடு. அதன் வழியே அவன் விரல் மெல்லப் போகும், மாட்டு நடையில். “இதில ஒரு பாலைமரம் நிக்குது. பழம் விழுற காலம் கரடி வரும். கதைக்காமல் வா.” நான் கதைக்காமல் போனேன். வெளியே பேருந்து போகிற சத்தம் கேட்கும், மழை தூறும். எனக்கோ காலடியில் புழுதி சுடுகிற மாதிரி இருக்கும். ஓரிடத்தில் ஓடையைக் கடந்தபோது கால்சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. இதை எழுதும்போதும் வெட்கமாக இல்லை.

இரண்டு மூன்று மாலைகள் சும்மா சுற்றினோம். குளம் குளமாகத் தங்கினோம். சில தாள்களின் ஓரத்தில், அளந்துகொண்டு போனவன் கையைத் துடைத்த மாதிரி, வெறும் பச்சையாகவே மைல் கணக்கில் போகும். அங்கே விரலை நிறுத்திவிட்டுக் கிடப்போம். அவன் திடீரென்று ஏதாவது சொல்லுவான். “அண்ணை மாட்டைப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார். ஒரு சத்தம் குடுப்பார். எல்லாம் திரும்பும்.” அந்தச் சத்தத்தைக் கொடுத்தும் காட்டினான். மேல் மாடியில் குடியிருந்த போலந்துக்காரர் தரையைத் தட்டினார்.

ஒரு மாலை தேநீர் ஆறிக்கொண்டிருக்கும்போது, “அண்ணை பட்டியை எங்க கொண்டு போயிருப்பார்?” என்று கேட்டான். அதைக் கேட்கத்தான் வரைபடம் வாங்கினான் என்று எனக்கு முன்பே தெரியும்.

நான் மருத்துவன் மாதிரி யோசித்தேன். ஆவணி வெயில். இத்தனை உருப்படிக்குத் தண்ணீர் வேண்டும். பெரிய குளத்தைக் காட்டினேன். தாளில் அது கைக்குட்டை அளவு நீலம்.

“ஏலாது. அங்க சிறுபோக நெல் விதைச்சிருக்கும். பயிருக்குள்ள மாடு இறங்கினால் வெட்டுக்குத்துதான். பட்டிக்காரன் அந்தப் பக்கம் தலைவைச்சும் படுக்கமாட்டான்.”

“அப்ப வேற எங்கடா?”

அவன் விரல் வடக்கே போய், நீலம் நிரப்பாத ஒரு விளிம்பில் நின்றது. இலுப்பைமோட்டை. மோட்டை என்றால் சிறிய குளம்.

“உடைஞ்ச குளத்துல தண்ணி எப்படிடா நிக்கும்? படத்துலயே காலியாத்தான் போட்டிருக்கான்.”

“உடைஞ்சபடியால்தான் ஒருத்தரும் விதைக்கேல்லை. தண்ணி வத்த வத்த, அது விட்டுப்போன அலைகரையில புல் முளைக்கும். பழைய கட்டுக்குக் கீழ ஒரு ஆழம் கிடக்கும்.”

“கிடக்கும்னு நீ பாத்தியா?”

“சின்னனில பாத்தது.”

“அது பார்த்ததாகாது,” என்றேன். பழக்கதோஷம். புவனா குசினியிலிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன். ஆனால் வரைபடத்தில் மூன்று ஓடைகள் அந்த விளிம்பை நோக்கி வளைந்து வருவதையும் பார்த்தேன். சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு லண்டன் மாடு வாய்த்தது. ஈஸ்ட் ஹாமுக்கு வடக்கே, மேனர் பார்க்கைத் தாண்டினால் வான்ஸ்டெட் புல்வெளி. பந்து விளையாடும் பிள்ளைகளைப் பார்க்கத்தான் போனோம். சாலையில் பேருந்துகள் வரிசையாக நின்றன. விபத்து என்று நினைத்தேன். நடுச்சாலையில் ஒரு மாட்டுக் கூட்டம் அசைபோட்டுக்கொண்டு நின்றது! கறுப்பும் செம்பழுப்புமாக, கொழுத்த உடம்பு. முதல் பேருந்தின் ஓட்டுநர் ஹாரன் அடிக்கவில்லை, திட்டவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். தாராபுரம் சாலையிலேயே நிற்கிற மாதிரி இருந்தது எனக்கு.

“பக்கத்துக் காட்டோரத்து ஆட்களுக்கு மாட்டை அவிழ்த்துவிடும் உரிமை பழைய காலத்திலிருந்தே இருக்கிறது,” என்று நாயோடு நின்ற ஒரு கிழவர் விளக்கினார். “ஒவ்வொரு கோடையிலும் என் ரோஜாச் செடிகளைத் தின்பதும் அந்த உரிமையில் சேர்ந்ததுதான் போலிருக்கிறது.”

தவராசா ஒரு மாட்டின் கழுத்தில் கையை வைத்தான். திமில் இல்லாத வெறும் முதுகு. பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றான். நான் நாக்கு, கண், நடை எல்லாம் பார்த்தேன். பைத்தியம் ஒன்றும் இல்லை. பக்கத்தில் நின்ற எங்கள் இருவரையும்விடத் தெளிவாகவே இருந்தது.

கூட்டம் நகர்ந்தபோது பின்னாலேயே போனோம். வேறு வேலை இல்லை. பெரிய குளம் ஒன்று இருந்தது; கரை கட்டி, வாத்து விட்டு, அழகாக. மாடுகள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. புதருக்குள் புகுந்து, தாழ்வான ஓர் இடத்துக்குப் போயின. சேறும் கலங்கலுமாகக் கொஞ்சம் தண்ணீர், சுற்றிலும் முழங்கால் உயரப் புல். குடித்துவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டன.

தவராசா என்னைத் திரும்பிப் பார்த்தான். “பாத்தியே?”

“பார்த்தேன்,” என்றேன். இதை மறுக்க வழியில்லை.

அன்று மாலை இலுப்பைமோட்டைக்குப் பென்சிலால் வட்டம் போட்டோம். வட்டத்துக்குள் குலம் அண்ணையை உட்கார வைத்தோம். பழைய கட்டின் மேல் கொட்டில், பக்கத்தில் அடுப்பு, கீழே மாடுகள். என்ன சமைப்பார் என்றுகூடப் பேசினோம். மறுநாள் காலை புவனா என் தட்டில் இன்னொரு இடியப்பத்தை வைத்துக்கொண்டே, “ராத்திரி நல்லா நித்திரை கொண்டார்,” என்றாள். ஒரு பக்கம் சந்தோஷம். இன்னொரு பக்கம் பயமாக இருந்தது. பென்சில் வட்டத்துக்குள் ஒரு மனிதனை உட்கார வைத்துவிட்டோமே, அவர் அங்கே இல்லாவிட்டால் இவன் என்ன ஆவான்?

நான் ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின சனிக்கிழமை, காலைச் சாப்பாட்டு நேரத்தில் தொலைபேசி அடித்தது. புவனா எடுத்தாள். “ஐயோ, அண்ணை!” என்று கத்தினாள். தவராசா கையைக்கூடக் கழுவாமல் ஓடி வாங்கினான்.

குலம் அண்ணை வவுனியாவில் ஒரு தொலைபேசிக் கடையிலிருந்து பேசினார். அங்கிருந்து லண்டனுக்குக் குரல் வந்து சேர வேண்டுமே என்று கத்திப் பேசினார். அறை முழுக்கக் கேட்டது.

“அண்ணை, இலுப்பைமோட்டையில இருந்தோ வாறியள்? பட்டி எப்பிடி?” தவராசா அழுதுகொண்டே கேட்டான்.

“பட்டியோ? ஆர் பட்டியோட நிண்டது? கடப்பைத் திறந்துவிட்டிட்டு வெளிக்கிட்டிட்டன். பக்கத்து வீட்டு மனிசிக்கு நடக்க ஏலாது, மூண்டு பிள்ளையள் வேற. சைக்கிளில ஏத்தி உருட்டிக்கொண்டு றோட்டால சனத்தோட சனமா வந்தனான்.”

நானும் தவராசாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்த றோடு வரைபடத்தில் சிவப்பாக, தடியாக, எதிர்த் திசையில் கிடந்தது. அதை நாங்கள் ஒரு மாலைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை. இரண்டு மாட்டு வைத்தியர்கள் சேர்ந்து புல்லையும் தண்ணீரையும் பார்த்து மாட்டைத் தேடியிருக்கிறோம். மனிதர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போவார் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

உயிரோடு இருக்கிறார். அது போதும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தப் பக்கம் சத்தம் திடீரென்று இறங்கிவிட்டது. தவராசா தொலைபேசியை என் பக்கமும் சாய்த்துப் பிடித்தான்.

“தம்பி, குறி சுட்ட மாடுகளடா. எல்லாத்தையும் விட்டிட்டு வந்திட்டன். தண்ணியில்லாத காலம். திரும்பித் திரும்பிப் பாத்துக்கொண்டு நிண்டதுகள். நான் சத்தம் குடுக்கேல்லை. குடுத்தால் பின்னால வந்திடுங்கள்.”

அவர் அழுவது கேட்டது. சனத்தோடு நடந்து வந்த வழியில் அவர் அழுதிருக்க மாட்டார். இங்கே வந்து அழுகிறார் என்று நினைத்தேன். என் கண்ணும் நிறைந்தது.

தவராசா தரையைப் பார்த்தான். வரைபடம் இன்னும் கம்பளத்தின் மேல்தான் கிடந்தது.

“அண்ணை, அதுகள் இலுப்பைமோட்டையில நிக்குதுகள்.”

“உனக்கு ஆர் சொன்னது?”

“நானும் பழனி டொக்டரும் போய்ப் பாத்தனாங்கள்.”

“லண்டனில இருந்தோ?”

“வெள்ளைக்காரன் அளந்த பழைய மேப் வாங்கினனாங்கள். ஒவ்வொரு குளமாப் போனனாங்கள். பெரிய குளத்தில விதைப்பு, அங்க போகாதுகள். இலுப்பைமோட்டைதான்.”

அந்தப் பக்கம் தொலைபேசிக் கடைக்காரர் நேரமாகிறது என்று யாருக்கோ சொல்வது கேட்டது.

“ஓம். தாய்ப்பசு அந்த வழியாலதான் கூட்டிக்கொண்டு போகும்,” என்றார் குலம் அண்ணை மெல்ல. “உந்த டொக்டர், பாக்காத மாட்டுக்குக் கையெழுத்து வைக்காத மனிசன் எல்லே? அவற்ர கடிதம் வந்தால் நீ சொல்லுவாய். அவரிட்டக் குடு.”

தவராசா தொலைபேசியை என் கையில் திணித்தான்.

“டொக்டர், அங்க தண்ணி கிடக்கே?”

கம்பளத்தின் மேல் பென்சில் வட்டம் தெரிந்தது. அதற்குள் நீலம் இல்லாத விளிம்பு. காலை வெயில் ஜன்னல் வழியாக விழுந்து அந்தத் தாளின் மேல் கிடந்தது. புவனா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கிடக்குதுங்க,” என்றேன். “பழைய கட்டுக்குக் கீழே நல்ல ஆழம். அலைகரையெல்லாம் முழங்கால் உயரப் புல்லுங்க. குடிச்சுட்டு அங்கேயே படுத்திருக்குது. நான் என் கண்ணால பார்த்தேன்.”